குழம்புக்குப் போகாத மீன்

மக்களே, ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம் இது. போன ஞாயித்துக்கிழமை நடந்ததுக்கு அப்புறம் தள்ளிப் போட முடியல. கொஞ்சம் நீளமா போகும். டீ எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க.

முதல்ல ஒரு வாக்குமூலம். அடியேனுக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு. எட்டு வயசுல பிடிச்சது, இன்னும் விடல. தங்கமணி இதைப் பத்தி என்ன நினைக்கறாங்கன்னு எழுத ஆரம்பிச்சா பதிவு வேற பக்கம் போயிடும் :-) போன ஞாயிறு என் பொண்ணு "நானும் வரேம்பா"ன்னு நின்னா. பத்து வயசு. எம்.கே.பி. நகர்லேர்ந்து விடியறதுக்கு முன்னாடியே வண்டியை எடுத்து, ஊருக்கு வெளிப்பக்கமா இருக்கற ஒரு ஏரிக்குப் போனோம். எந்த ஏரின்னு சொல்ல மாட்டேன். தூண்டில்காரன் இடத்தைச் சொன்னதா சரித்திரமே இல்ல.

அரை மணி நேரத்துல தக்கை முங்கிச்சு. அவளே இழுத்தா. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி. அவ மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். "அப்பா, பாட்டிகிட்ட குடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லலாம்பா"ன்னா.

"வேணாம்மா, திருப்பி விட்டுடலாம். பாவம், வாழட்டும்"னேன். நல்ல பொண்ணா விட்டுட்டா.

பக்கத்துல மூணு பசங்க. கிட்டத்தட்ட அவ வயசுதான், ஒருத்தன் மட்டும் கொஞ்சம் பெரியவன். மூங்கில் குச்சி, தங்கூஸ், மைதா மாவு உருண்டை. கேரி பேக்ல ஏழெட்டு ஜிலேபி துடிச்சிட்டு இருக்கு. அதே தண்ணி, அதே மீன்.

"தம்பி, இதை என்னடா பண்ணுவீங்க?"

"வறுத்து சாப்டுவோம்ணா. வேற என்ன பண்ணுவாங்க?"

சொல்லிட்டு என்னை ஒரு மாதிரி பாத்தான். அவ்ளோ அசட்டுத்தனமான கேள்வி அவனுக்கு. நான் மேல ஒண்ணும் பேசல. சாமானைக் கட்டினேன்.

திரும்பி வரும்போது மூலக்கடை சிக்னல்ல பொண்ணு பின்னாடியிருந்து கேட்டா: "அந்த அண்ணனுங்க பிடிச்ச மீன் மட்டும் பாவம் இல்லையாப்பா?"

பச்சை விழுந்துச்சு, வண்டியை எடுத்துட்டேன். அங்க சொல்லாம விட்ட பதில்தான் இந்தப் பதிவு.

*

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்களுது எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு வீடு. மகாகவி பாரதி நகர்ங்கறதுதான் முழுப் பேரு. ஆட்டோக்காரர்கிட்ட அப்படிச் சொல்லிப் பாருங்க, முழிப்பார். கேப்டன் காட்டன் கால்வாய் பக்கத்துலயே, பக்கிங்காம் கால்வாய் கொஞ்சம் தள்ளி, கொடுங்கையூர் குப்பைமேடு மூக்குக்கு எட்டற தூரத்துல. சுத்தித் தண்ணிதான், ஆனா கால் நனைக்கற மாதிரி ஒரு தண்ணியும் கிடையாது. மீன் பிடிக்கணும்னா சைக்கிளை எடுக்கணும். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, அப்புறம் ரெட்டேரி. ஹார்பர்ல வேலை பாத்த எங்க மாமாதான் குரு. கேரியர்ல நான், ஹேண்டில்ல தூக்குச்சட்டி, மாமா வாய்ல பீடி.

மாமா தேடிப் போறது வெரால். புஸ்தகத்துல விரால்னு போடுவாங்க. அமெரிக்காவுல புறநகர் ஏரிக்கரையில எல்லாம் லார்ஜ்மௌத் பாஸ்னு ஒரு மீனுக்காக உயிரை விடுவாங்க இல்லையா, நம்ம ஊர்ல அந்த எடத்துல இருக்கறவர் இவர்தான். சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது, குணம் மட்டும் ஒண்ணு. கரையோரமா கோரைக்குள்ள, அல்லிக்கொடிக்கு அடியில அசையாம கிடக்கும். தவளையோ குட்டி மீனோ கிட்ட வந்தா போதும், பாஞ்சு அடிக்கும். அந்த அடி விழற சத்தம் இருக்கே, அதுக்காகத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு இத்தனை பேர் அலையறோம்.

இன்னொரு விஷயம், வெரால் மேல வந்து காத்தையும் குடிக்கும். அதனால மத்த மீன் செத்து மிதக்கற தண்ணியில கூட இது தாக்குப் பிடிக்கும். ஏரி வத்தினா ஈரச் சேத்துக்குள்ள புதைஞ்சு மழைக்குக் காத்திருக்கும். மழை ராத்திரியில ஈரத் தரை மேல நெளிஞ்சு நெளிஞ்சு பக்கத்துக் குட்டைக்கே போயிடும். ஆழம் இல்லாத ஓரத்துல, செடிகளுக்கு நடுவுல எடம் பண்ணி முட்டை விடும். குஞ்சு பொரிச்சா செவப்பா ஒரு கூட்டமா தண்ணிக்கு மேல நெளியும், அடியில தாய் தகப்பன் காவல் இருக்கும். அந்த நேரத்துல ஒரு தவளையைக் காட்டினா காவல் மீனு ஆத்திரத்துலயே கவ்விடும், பிடிக்கறது ரொம்ப சுலபம். மாமா பிடிக்க விட மாட்டார். "அத்த எடுத்தா குஞ்சு மொத்தமும் போச்சுடா"ன்னு தலையில தட்டுவார்.

பிடிச்ச வெராலை மாமா வீட்டுக்கு உயிரோடயே கொண்டாந்துடுவார். அம்மா அடுப்புச் சாம்பலைப் போட்டுப் பிடிச்சு உரசுவாங்க, இல்லேன்னா கையில நிக்காது. மண்சட்டி, புளி, பூண்டு, மாங்காய் ரெண்டு கீத்து. அன்னிக்கு ராத்திரி குழம்பைத் தொட விட மாட்டாங்க, மறுநாள் காலையிலதான். ஒரு கேள்வி கூட எங்க மனசுல வந்தது இல்ல. பிடிச்ச மீன் குழம்புக்கு. வேற எதுக்கு? அந்தப் பையன் கேட்ட அதே கேள்விதான்.

*

சென்னை வளர்ந்துச்சு, ஏரி போச்சு, மீன் போச்சுன்னு ஒரு வரியில இதை முடிச்சுடலாம். பொய்யும் இல்ல. 1920கள்ல லாங் டேங்குன்னு இருந்த நீளமான ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரை உண்டாக்கினாங்க. நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியான்னு ஒரு எடம் இருக்கு, அங்க லேக் எங்கன்னு கேட்டா சிரிப்பாங்க. போனது போச்சு. இருக்கற ஏரிக்குள்ள என்ன நடக்குதுங்கறதுதான் என் கவலை. கரையில நின்னு பாத்தா தண்ணி தெரியுது, கொக்கு நிக்குது, ஏரி நல்லாத்தான் இருக்குன்னு தோணும். தூண்டில் போட்டுப் பாத்தாத்தான் கதை வேற.

முதல் கதை சாக்கடை. 2011ல சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426ஆ பெருத்துச்சு. மாதவரம், மணலி, அம்பத்தூர், திருவொற்றியூர் எல்லாம் மண்டலமாச்சு. நம்ம ஊர் வழக்கம் தெரியுமே: பிளாட் போட்டு வித்து, வீடு கட்டி, கிரகப்பிரவேசம் முடிஞ்சு, குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச பிறகுதான் பாதாளச் சாக்கடை வரும். அதுவரைக்கும் மழைநீர்க் கால்வாய்தான் சாக்கடை. மழைநீர்க் கால்வாய் எங்க போகும்? பள்ளத்துக்கு. பள்ளத்துல யார் இருக்கா? ஏரி. கொரட்டூர் ஏரியில கழிவுநீர் கலக்கறதை எதிர்த்து அந்த ஊர் ஜனங்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. அது ஒரு ஏரிக்கு மட்டும் வந்த நோய் இல்ல.

சாக்கடை உரம் மாதிரி. பாசி கொழுத்து வளரும், ஆகாயத்தாமரை மூடும். பகல்ல பாசி ஆக்சிஜனை விடும். ராத்திரி பூரா அந்தப் பாசியும் அடியில அழுகற சகதியும் சேர்ந்து அதை இழுத்துக்கும். விடியக்காலை தண்ணியில மூச்சு விட ஒண்ணும் மிஞ்சாது. மீன் வாழற தண்ணியில லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைஞ்சிருக்கணும்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அளவுகோலே சொல்லுது. கோடை முடிஞ்சு முதல் மழை பெய்யும்போது தெருச் சாக்கடை மொத்தமும் அடிச்சுக்கிட்டு ஏரிக்குள்ள வரும், அடிச் சகதியும் கலங்கும். மறுநாள் காலையில வெள்ளை வெள்ளையா மீன் மிதக்குதுன்னு பேப்பர்ல போட்டோ வரும். யாரோ விஷம் வெச்சுட்டாங்கன்னு ஊர்ல பேசிப்பாங்க. பெரும்பாலும் விஷம் வெச்சவங்க நாமதான், தினமும் ஃபிளஷ் பண்ணி.

தாக்குப் பிடிக்கறவங்க யாரு? ஜிலேபி. 1952ல இந்தியாவுக்கு வெளியிலேர்ந்து வந்த மீன், இன்னிக்கு நம்ம எல்லா ஏரியிலயும் நாட்டாமை. அப்புறம் வளர்க்கவே தடை போட்டிருக்கற ஆப்பிரிக்கக் கெளுத்தி. அப்புறம் மீன் தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு வாங்கிட்டு வந்து, பெருசானதும் நம்மாளுங்க ஏரியில கொண்டு போய்க் கொட்டற டேங்க் கிளீனர். கறுப்பா, உடம்பெல்லாம் ஓடா, சாப்பிடவும் ஆகாது, வலையில மாட்டினா வலையையும் கிழிக்கும். மாமா காலத்துல ஒரு காலைப்பொழுதுல நாலு வகை மீன் பாப்பேன். கெண்டை, கெளுத்தி, கொறவை, வெரால். இப்ப ஜிலேபி, ஜிலேபி, ஜிலேபி.

ரெண்டாவது கதை, வழி அடைஞ்சது. நம்ம ஏரி எதுவும் தனி ஆள் இல்ல. ஒண்ணு நிரம்பினா அடுத்ததுக்குத் தண்ணி போற மாதிரிதான் முன்னோர் வெட்டி வெச்சிருக்காங்க. மழைக்காலத்துல புழல் உபரி நீரைத் திறக்கும்போது எச்சரிக்கையில ஒரு பட்டியல் படிப்பாங்களே: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம்... நமக்கு அது வெள்ள எச்சரிக்கை. மீனுக்கு அது பஸ் ரூட். அந்தத் தண்ணியோடதான் மீன் இடம் மாறும், புது ரத்தம் கலக்கும், வத்திப் போன ஏரியில மறுபடி குடியேறும். இப்ப அந்த ரூட்ல ரோடு, காம்பவுண்டு சுவர், குடோன், கான்கிரீட் பெட்டிக் கால்வாய். 2019ல புழல் ஏரித் தரை வெடிச்சுக் கிடந்ததை நாம எல்லாரும் பாத்தோம். அடுத்த மழையில தண்ணி திரும்பி வந்துடுச்சு. தண்ணி லாரியில கூட வரும். வெராலு எந்த வழியா வரும்? ஈரத்துல நெளிஞ்சு வர்ற பிறவியா இருந்தாலும் அது ஆறடிச் சுவர் ஏறாது.

மூணாவது கதையைச் சொன்னா நிறைய பேருக்குக் கோவம் வரும். அழகுபடுத்தறது.

ஏரியை மீட்டெடுக்கறோம்னு ஒரு டெண்டர் வரும். ஆழப்படுத்தி, கரையைச் செங்குத்தா உயர்த்தி, கல் பதிச்சு, மேல நடைபாதை, விளக்கு, பெஞ்சு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. தண்ணிக்குள்ள இறங்கற அந்தச் சரிவு இருக்கே, முழங்கால் ஆழம், கோரையும் சம்பும் வளர்ற சேறு, அதைத்தான் முதல்ல வழிச்சு எடுப்பாங்க. பாக்க அசிங்கமா இருக்குன்னு. வெரால் முட்டை விடற எடம் அது ஒண்ணுதான். கல் கரையில அது எங்க போய்க் கூடு கட்டும்? அப்புறம் ஒரு விழா நடத்தி ரோகு, கட்லா குஞ்சு கொண்டாந்து விடுவாங்க. அதெல்லாம் ஆத்து மீன், ஓடற தண்ணி இருந்தாத்தான் முட்டை விடும். தேங்கின ஏரியில வளரும், பெருகாது. அதனால வருஷா வருஷம் வாங்கி விடணும். சொந்தமா பெருகற மீனை விரட்டிட்டு, காசு குடுத்து மீன் வாங்கி விடற ஏற்பாடு. என்ன கொடுமை சார் இது?

நியாயமா பேசணும். வேலி போட்டதால கட்டிட இடிபாடு கொட்டறது நின்ன ஏரி உண்டு. ஆக்கிரமிப்பு அதுக்கு மேல நகராம நின்ன ஏரி உண்டு. எங்க அம்மாவே ஒரு நடைபாதையில தினமும் நாலு சுத்து வராங்க, அவங்க சர்க்கரை இறங்கினதுல அந்த ஏரிக்குப் பங்கு இருக்கு. சேத்துப்பட்டு ஏரியைப் பாருங்க. 2016ல மீன்வளத் துறை அங்க பூங்கா திறந்தப்ப, படகோட தூண்டில் போடறதுக்கும் ஒரு எடம் ஒதுக்கினாங்க. தூண்டில்காரனையும் மனுஷனா மதிச்சு ஒரு திட்டத்துல சேத்தாங்களேன்னு சந்தோஷப்பட்டேன். ஆனா டிக்கெட் வாங்கி உள்ள போற ஏரி அது. மூங்கில் குச்சியோட வர்ற எங்க ஏரியாப் பசங்களுக்கு அந்த கேட்டு தூரம்தான்.

*

இப்ப என் பொண்ணு கேட்ட கேள்விக்கு வரேன்.

கொஞ்ச வருஷமா சென்னையில புதுசா ஒரு தூண்டில் கூட்டம் சேர்ந்திருக்கு. நானும் அதுல ஒருத்தன்தான். கார்பன் ராடு, ரீல், ரப்பர் தவளை. பிடிச்சு, போட்டோ எடுத்து, மெதுவா தண்ணியில விட்டு, வாலை ஆட்டிட்டுப் போறதை வீடியோ எடுப்போம். 'கேட்ச் அண்ட் ரிலீஸ்'னு பெருமையா சொல்லிக்குவோம். அமெரிக்காவுல பாஸ் மீன் பிடிக்கற போட்டிகளை நடத்தின ரே ஸ்காட்டுங்கறவர் 1972ல, பிடிச்ச மீனை உயிரோட திருப்பி விடணும்னு தன் போட்டிகள்ல கொண்டு வந்தார். பிடிக்கற ஆள் பெருகிட்டாங்க, இப்படியே போனா மீன் மிஞ்சாதுன்னு யோசிச்சு எடுத்த முடிவு. சாப்பிடலாம், ஆனா வேணாம்னு அவங்களா விட்டாங்க.

நாம ஏன் விடறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. கருணையாலயா? நான் சொல்லிடறேன். சாக்கடையால விடறேன். அந்த மீனை அம்மா கையில குடுக்க எனக்கு பயம். அவ்வளவுதான். பொண்ணுகிட்ட சொன்னது பொய். 'பாவம், வாழட்டும்'ங்கறது அசிங்கத்துக்கு மேல நான் விரிச்ச ஜமுக்காளம்.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கு. பட்டறைக் கழிவு கலக்கற தண்ணியில ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் வந்தா, மீனோட செவுள், ஈரல், சிறுநீரகத்துல சேரும். சதையில அந்த அளவுக்கு இல்லேன்னாலும் சேரும். பாதரசம்னா சின்ன மீனைத் தின்ற பெரிய மீன்ல இன்னும் கூடும், அதாவது நம்ம ஹீரோ வெரால்ல. மோந்து பாத்தோ ருசி பாத்தோ கண்டுபிடிக்க முடியாது. வறுத்தாலும் போகாது. லேப்ல குடுத்தாத்தான் தெரியும்.

இதையேதான் எண்ணூர்ல பெருசா பாத்தோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துல வந்து படிஞ்சுது. இங்கிலீஷ்ல சீபாஸ்னு சொல்ற கொடுவா இருக்கற எடம் அது. கடல்ல பொறந்து, குட்டியா இருக்கும்போது ஆத்து வாய்க்கும் உப்பங்கழிக்கும் ஏறி வந்து வளர்ற மீன். காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் ஜனங்க படகுல போய்க் கையாலயும் பக்கெட்டாலயும் எண்ணெயை அள்ளினதை டிவியில பாத்திருப்பீங்க. எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. அவங்களுக்குப் பொழைப்பே போச்சு. அப்புறம் ரொம்ப நாளைக்கு எண்ணூர் மீனுன்னு சொன்னா வாங்க ஆள் யோசிச்சாங்க. எண்ணெய் எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது, அதனால எல்லாரும் பேசினோம். ஏரிக்குள்ள நடக்கறது கண்ணுக்குத் தெரியல.

*

என் கட்சி இதுதான். ஒரு ஏரியை மேம்படுத்திட்டாங்களான்னு பாக்க எனக்கு ஒரே ஒரு பரீட்சை போதும். அந்த ஏரியில பிடிச்ச மீன் குழம்புக்குப் போகுமா? நடைபாதை எத்தனை மீட்டர், எத்தனை விளக்கு, என்ன செலவுங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம். மீனைத் தைரியமா சட்டியில போடலாம்னா, அந்தத் தண்ணிக்குள்ள சாக்கடை வரல, பட்டறைக் கழிவு வரல, விடியக்காலையிலயும் ஆக்சிஜன் இருக்குன்னு அர்த்தம். சீக்கிரமோ தாமதமாவோ நிலத்தடி வழியா நம்ம போர்ல வர்ற தண்ணியும் அதுதான், மறந்துடாதீங்க.

இதுக்குப் பெரிய வித்தை எதுவும் வேணாம். கரைக்கு விளக்கு போடறதுக்கு முன்னாடி ஏரிக்குள்ள வர்ற குழாயை அடைங்க. கரையைச் சுத்தி முழுக்கக் கல் பதிக்காம, ஒரு பக்கமாவது சேறும் கோரையுமா சரிவை விட்டு வைங்க. அது அசிங்கம் இல்ல, பிரசவ வார்டு. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவுல இருக்கற கால்வாய்ல தண்ணி மட்டும் இல்லாம மீனும் போற மாதிரி வழி விடுங்க. அப்புறம் முக்கியமா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தண்ணியையும் மீன் சதையையும் சோதிச்சு, முடிவைத் தமிழ்ல ஒரு போர்டுல வாசல்லயே எழுதி வைங்க. அமெரிக்காவுல மாநில அரசுகள் இதைச் செய்யுது. இந்த ஏரியில இந்த மீனை மாசத்துக்கு இத்தனை வேளைக்கு மேல சாப்பிடாதீங்கன்னு பட்டியல் போடறாங்க. 'நெகிழி தவிர்ப்போம்' போர்டு வைக்க எடம் இருக்கற நம்ம ஏரிக்கரையில இதுக்கும் எடம் இருக்கும்.

"மீன் பிடிக்கறதையே தடை பண்ணிட்டா பிரச்னை தீர்ந்துச்சே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். யாருக்குத் தீர்ந்துச்சு? வாரா வாரம் அந்தத் தண்ணியோட நிறத்தையும் நாத்தத்தையும் உத்துப் பாக்கற ஆளுங்க ரெண்டே பேருதான், மீன் பாசி குத்தகை எடுத்தவரும் தூண்டில் போடறவனும். ராத்திரியோட ராத்திரியா எந்த லாரி வந்து என்ன கொட்டிட்டுப் போச்சுன்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். நடைபாதையில காதுல பாட்டு மாட்டிட்டு நடக்கறவருக்குத் தெரியாது. தூண்டில்காரனை வெளிய அனுப்பினா ஏரிக்கு இருந்த ஒரு ஜோடிக் கண்ணும் போச்சு.

*

அன்னிக்கு ராத்திரி பொண்ணைக் கூப்பிட்டு உக்கார வெச்சு உண்மையைச் சொன்னேன். மீன் பாவம்னு விடல, தண்ணி கெட்டுப் போயிருக்கு, சாப்பிட பயமா இருந்துச்சு, அதான் விட்டோம்னு. கொஞ்ச நேரம் யோசிச்சா.

"அப்ப அந்த அண்ணனுங்ககிட்ட ஏன்பா சொல்லல?"

ஏன் சொல்லல? அந்தப் பையன் என்னைப் பாத்த பார்வைதான் காரணம்னு நினைக்கறேன். சொன்னா அவன் திருப்பிக் கேப்பான், "அப்ப எதைச் சாப்புடறதுண்ணா?"ன்னு. காசிமேட்டுல கிலோ என்ன வெலைன்னு அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அந்த மீனு பொழுதுபோக்கு. அவன் வீட்டுல அது ஞாயித்துக்கிழமைக் கவுச்சி.

வர்ற ஞாயிறு மறுபடி போறோம். பொண்ணு கண்டிப்பா வருவேன்னு சொல்லிட்டா. அந்தப் பசங்க இருந்தா உக்காந்து பேசணும். குடலும் ஈரலும் செவுளும் மிச்சமில்லாம எடுத்துடுங்கடான்னாவது சொல்லணும். மொத்தமா சாப்புடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வருமான்னு தெரியல.

உங்க ஊர் ஏரியில பிடிச்ச மீனை நீங்க வீட்டுக்குக் கொண்டு போவீங்களா? மனசைத் தொட்டுச் சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: மாமா இன்னும் இருக்கார். எண்பது ஆகப் போகுது. ரப்பர் தவளையைக் கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இத்த வெச்சு மீனை ஏமாத்தற, சரி. புடிச்ச மீனைத் திருப்பி வுட்டு யாரைடா ஏமாத்தற?"ன்னார். அவ்வ்வ்வ்...